ஹீரோவைத் தெரிவுசெய்யும் முன் வரைபடத்தைப் பாருங்கள்

‘ஹீரோஸ் ஒஃப் மைட் அண்ட் மெஜிக்’ ஆட்டத்தின் மூன்றாம் பாகம் 1999 இல் வெளிவந்தது. கால் நூற்றாண்டு தாண்டிய பிறகும், அதை முதன்முறையாகத் திறந்து உட்காருகிறவர் கேட்கும் கேள்வி மாறவில்லை. எந்த வகுப்பு ஹீரோவை எடுப்பது, எடுத்த பின் அவரை எப்படி வளர்ப்பது? நைட்டா, விசார்டா, பார்பேரியனா? வாளா, மந்திரமா? கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் ஒரே கணினியைச் சுற்றி உட்கார்ந்து ஆடிய எங்களுக்குள் இதற்கு ஆளுக்கொரு பதில் இருந்தது. அந்தப் பதில்களை ஆட்டத்தின் உள்கணக்கோடு வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வகுப்பு என்பது முதல் சில வாரங்களுக்கான முடிவு. எதிரியை எத்தனையாவது வாரத்தில் சந்திக்கப்போகிறோம் என்று யோசிக்காமல் எடுத்த ஹீரோ, எவ்வளவு பெயர்பெற்றவராக இருந்தாலும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவர்தான்.

வகுப்பு என்ற எண்ணமே வியூக ஆட்டத்தில் பிறந்ததல்ல. 1974 இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை ஆட்டத்தில் மூன்றே வகுப்புகள் இருந்தன: சண்டைக்காரன், மந்திரவாதி, சமயகுரு. அங்கே நாலைந்து பேர் ஒரு குழுவாகப் போவார்கள். ஒருவர் முன்னால் நிற்பார், ஒருவர் பின்னாலிருந்து மந்திரம் வீசுவார், ஒருவர் காயம் ஆற்றுவார். குழுவுக்குள் வேலையைப் பிரித்துக்கொள்ளத்தான் வகுப்பு தேவைப்பட்டது. ஜோன் வான் கேனெகம் நடத்திய நியூ வேர்ல்ட் கொம்பியூட்டிங் நிறுவனம் 1990 இல் ‘கிங்ஸ் பவுண்டி’யை வெளியிட்டபோது அந்தப் பிரிவினை படைத்தலைவனுக்கு மாறியது. நைட், பலடின், சோர்சரஸ், பார்பேரியன் என நால்வர். அவர்களில் ஒருவர் தனியாகப் படை திரட்டிக்கொண்டு நாடு சுற்றுவார். 1995 இல் வந்த முதலாவது ‘ஹீரோஸ்’ பலடினின் இடத்தில் வோர்லொக்கை வைத்து இந்த நால்வர் ஏற்பாட்டைத் தொடர்ந்தது. 1996 இன் இரண்டாம் பாகம் விசார்ட்டையும் நெக்ரோமான்சரையும் சேர்த்து, லெவல் ஏறும்போது கற்கும் திறன்களையும் கொண்டுவந்தது. மூன்றாம் பாகத்தில் எட்டு நகர வகைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வாள் வழியில் ஒரு வகுப்பு, மந்திர வழியில் ஒரு வகுப்பு, ஆகப் பதினாறு. அதே ஆண்டு வந்த ‘ஆர்மகெடன்ஸ் பிளேட்’ தொகுப்பு கொன்ஃபிளக்ஸ் நகரைச் சேர்த்ததும் பதினெட்டு ஆயின. வகுப்புக்கு எட்டு ஹீரோக்கள்.

தனியொருவர் முழுப் படைக்கும் பொறுப்பாகும்போது கேள்வியின் தன்மையே மாறிவிடுகிறது. குழுவில் மந்திரவாதிக்கு முன்னால் நிற்க ஒரு சண்டைக்காரன் இருப்பான். இங்கே விசார்டுக்கு முன்னால் நிற்பது அவர் வாங்கிய படை மட்டுமே. ஆகவே அவருடைய வகுப்பு அந்தப் படைக்கு என்ன செய்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பாகத்தின் ஹீரோவுக்கு நான்கு பண்புகள் உண்டு: தாக்குதல், தற்காப்பு, மந்திர வலு, அறிவு. ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் இவற்றில் ஏதோ ஒன்று ஒரு புள்ளி கூடும். எது கூடும் என்பதை நாம் தெரிவுசெய்ய முடியாது. ஆட்டம் பகடை உருட்டுகிறது. வகுப்புக்கு வகுப்பு அந்தப் பகடையின் சாய்வு வேறு. பார்பேரியன் 4 தாக்குதல், 0 தற்காப்பு, 1 வலு, 1 அறிவு என்று தொடங்குவார். ஒன்பதாம் லெவல் வரை ஒவ்வொரு ஏற்றத்திலும் தாக்குதல் கூட 55 வீதம், தற்காப்பு கூட 35 வீதம், மற்ற இரண்டுக்கும் தலா 5 வீதம் வாய்ப்பு. விசார்ட் 0, 0, 2, 3 என்று தொடங்குவார். அவருக்கு 10, 10, 40, 40. நைட் 35, 45, 10, 10. பீஸ்ட்மாஸ்டர் 30, 50, 10, 10.

எட்டு ஏற்றங்கள் முடிந்து ஒன்பதாம் லெவலில் நிற்கும் சராசரி பார்பேரியனுக்கு 8.4 தாக்குதலும் 2.8 தற்காப்பும் இருக்கும்; மந்திர வலு, அறிவு இரண்டும் தலா 1.4. சராசரி விசார்டுக்குத் தாக்குதலும் தற்காப்பும் 0.8, மந்திர வலு 5.2, அறிவு 6.2. இருவரும் இரண்டு வேறு உலகத்து ஆட்கள். “வகுப்புத்தான் எல்லாம்” என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஆனால் பத்தாம் லெவலிலிருந்து பகடையின் சாய்வு குறைகிறது. பார்பேரியனும் நைட்டும் 30, 30, 20, 20 என்ற ஒரே கணக்குக்கு வந்துவிடுகிறார்கள். விசார்டுக்கு 30, 20, 20, 30 ஆகிறது. தாக்குதலே அவருக்கு அறிவோடு சமமாகக் கூடத் தொடங்குகிறது. பத்தாம் லெவலை எட்ட 14,700 அனுபவப் புள்ளிகள் வேண்டும். சிறிய வரைபடத்தில் பல ஆட்டங்கள் அதற்கு முன்பே முடிந்துவிடும். பெரிய வரைபடத்தில் அதன் பிறகுதான் ஆட்டமே தொடங்கும்.

இனி வாளா மந்திரமா என்ற பழைய வழக்கு. மேசை ஆட்டக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: சண்டைக்காரன் சீராக வளர்வான், மந்திரவாதி தொடக்கத்தில் நோஞ்சானாக இருந்து முடிவில் மலையைப் பிளப்பான். அந்த நம்பிக்கையோடு வந்து விசார்டை எடுத்து, நான்காவது மாதத்தில் தோற்றுப்போனவர்கள் எங்களில் பலர். இந்த ஆட்டத்தில் கணக்குத் தலைகீழ். தாக்குதல் எதிரியின் தற்காப்பைவிட ஒரு புள்ளி கூடினால் படையின் ஒவ்வொரு அடியும் 5 வீதம் கூடும். உச்சம் 300 வீதம். பத்துக் கறுப்பு டிராகன்கள் ஓர் அடியில் ஏறத்தாழ 450 சேதம் செய்யும். தாக்குதல் பத்துப் புள்ளி மேலே இருந்தால் அதில் 225 கூடும். ஐம்பது டிராகன்கள் என்றால் அதே பத்துப் புள்ளி 1,125 ஐக் கூட்டும். படை பெருகப் பெருகத் தாக்குதலின் பெறுமதியும் பெருகுகிறது. மந்திரத்துக்கு இந்தப் பெருக்கம் கிடையாது. ஐந்தாம் படிநிலை மந்திரமான இம்ப்ளோஷனை எக்ஸ்பேர்ட் என்ற உச்ச நிலையில், வலு 10 உள்ளவர் வீசினால் 1,050 சேதம். நம்மிடம் பத்து டிராகன் இருந்தாலும் ஐம்பது இருந்தாலும் அது 1,050 தான். நாலு ஆர்ச்ஏஞ்சல்கள் விழும். நாற்பது நிற்கும் களத்தில் நாலு பெரிதல்ல. எதிரே இருப்பது கறுப்பு டிராகன் என்றால் எந்த மந்திரமும் அதன் மேல் ஏறாது.

எனவே மந்திர வகுப்பின் உண்மையான காலம் தொடக்கம். படைகள் சிறியனவாக இருக்கும் முதல் இரண்டு வாரங்களில் ஒரு மின்னல் ஒரு குழுவையே அழிக்கும். சொல்மியர் என்ற விசார்ட் செயின் லைட்னிங் மந்திரத்தோடேயே ஆட்டத்துக்கு வருகிறார். முதல் நாளிலேயே முதல் இலக்கில் நூறுக்கு மேல் சேதம், பிறகு பாதி பாதியாகக் குறைந்து அடுத்தடுத்த குழுக்களுக்குத் தாவும். சுரங்கத்தைக் காக்கும் சிறு கூட்டங்களுக்கு அது போதும். தாவும் மின்னல் நம்முடைய ஆட்களையும் தொடும் என்பதை மறந்துவிடக் கூடாது. மந்திரம் வீசச் செலவாகும் அவருடைய மனா ஒருமுறைக்குத்தான் காணும். மனா நாளொன்றுக்கு ஒரு புள்ளி மட்டுமே தானாக ஊறும். முழுதாக நிரப்ப மந்திரக் கூடமுள்ள நகரில் இரவு தங்க வேண்டும், இல்லையேல் வழியில் மந்திரக் கிணறு ஒன்றைக் காண வேண்டும். மந்திரக்காரர் கயிற்றில் கட்டப்பட்டவர்போல் தன் நகரைச் சுற்றியே திரிவதற்குக் காரணம் இதுதான். வாள்காரருக்கு அந்தக் கயிறு இல்லை.

அப்படியானால் மந்திரமே வேண்டாமா? வேண்டும், கட்டாயம் வேண்டும். எந்த மந்திரம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. களத்தை மாற்றும் மந்திரங்கள் பல மந்திர வலுவைப் பெரிதாகக் கேட்பதில்லை. ஸ்லோ முதலாம் படிநிலை மந்திரம். எர்த் மெஜிக் எக்ஸ்பேர்ட் ஆனவர் வீசினால் எதிரிப் படை முழுவதும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். நம் படையை விரைவாக்கும் ஹேஸ்ட்டுக்கு ஏர் மெஜிக் அதே வேலையைச் செய்யும். டவுன் போர்ட்டல் நான்காம் படிநிலை. எர்த் மெஜிக் கூடினால் விரும்பிய நகருக்கு நொடியில் போய் இறங்கலாம். இவற்றின் பலன் கற்ற திறனைப் பொறுத்தது. வலு கூடினால் களத்தில் நீடிக்கும் சுற்றுகள்தான் கூடும். உயர்ந்த படிநிலை மந்திரங்களைக் கற்க உதவும் விஸ்டமும் எர்த் மெஜிக்கும் கற்ற ஒரு நைட், விசார்டின் மந்திரங்களில் சிறந்தவற்றைப் பெற்றுவிடுகிறார். விசார்டோ நைட்டின் தாக்குதலைப் பெறுவதில்லை. நீண்ட ஆட்டத்தில் வாள் வகுப்பை நான் ஆதரிப்பது இதனால்தான்.

இந்தக் கலப்பு தற்செயலாக அமைவதில்லை. லெவல் ஏறும்போது இரண்டு திறன்கள் முன்வைக்கப்படும், ஒன்றை எடுக்கலாம். வாள் வகுப்புக்கு ஆறு லெவலுக்கு ஒருமுறையாவது விஸ்டம் வந்தே தீரும், மந்திர வகுப்புக்கு மூன்றுக்கு ஒருமுறையாவது வரும். ஆட்டத்தை ஆக்கியவர்கள் வாள்காரருக்கு மந்திரக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் காத்திருக்கச் சொல்கிறார்கள் அவ்வளவுதான். பார்பேரியனுக்கு இன்னொரு தடை உண்டு. அவருடைய ஸ்ட்ரோங்ஹோல்ட் நகரின் மந்திரக் கூடம் மூன்றாம் படிநிலையோடு நின்றுவிடும். டவுன் போர்ட்டலுக்கு அவர் வேறு நகரொன்றைப் பிடிக்க வேண்டும். பீஸ்ட்மாஸ்டரின் ஃபோர்ட்ரெஸ் நகரும் அப்படித்தான்.

வரைபடத்துக்கு வருகிறேன். மிகச் சிறிய வரைபடம் 36 கட்டத்துக்கு 36 கட்டம், 1,296 கட்டங்கள். மிகப் பெரியது 144 க்கு 144. நிலத்தடித் தளமும் சேர்ந்தால் 41,472, அதாவது 32 மடங்கு. எங்கள் வெள்ளவத்தை நண்பர்களுக்கு ஒரு ரியூஷன் வகுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் கிடைக்கும் இடைவெளியில் சிறிய வரைபடம் மட்டுமே முடியும். பாடசாலை விடுமுறையில்தான் பெரியது. ஹொட்சீட் என்ற முறையில் ஒரே கணினியில் எட்டுப் பேர் வரை முறைவைத்து ஆடலாம்; ஒருவர் தன் நாளை முடித்ததும் அடுத்தவர் உட்கார வேண்டும். மற்றவர்கள் திரையைப் பார்க்கக் கூடாது என்பதால் தொடர்மாடி வீட்டின் பல்கனிக்குப் போய் நிற்போம். 2022 இல் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்ட நாட்களில் வேகமான இணைய ஆட்டங்கள் எல்லாம் நின்றுபோக, மடிக்கணினியில் பற்றரி உள்ளவரை ஆடிச் சேமித்து வைத்துவிட்டு, மின்சாரம் வந்ததும் விட்ட நாளிலிருந்து தொடர முடிந்தது இந்த ஆட்டத்தைத்தான். எங்கள் ஆட்டங்களில் கவனித்த ஒன்று: ரியூஷன் இடைவேளையில் பார்பேரியனைக் கொண்டு எல்லோரையும் வென்ற அதே நண்பன், விடுமுறையின் பெரிய வரைபடத்தில் அதே பார்பேரியனோடு தோற்றான். ஆட்டக்காரனும் மாறவில்லை, வகுப்பும் மாறவில்லை. மாறியது எதிரியைச் சந்திக்க எடுத்த வாரங்களின் எண்ணிக்கை.

தமிழ் இலக்கண மரபு போரைப் பிரித்த விதம் இந்த இடத்தில் எனக்குப் பெரிதும் உதவியது. தொல்காப்பியப் புறத்திணையியல் வீரர்களை வகைப்படுத்துவதோடு தொடங்கவில்லை. போரின் கட்டங்களை வகைப்படுத்துகிறது. ஆநிரை கவர்வது வெட்சி. மண் வேண்டிப் படை நடத்துவது வஞ்சி. அரணை முற்றுவது உழிஞை. களத்தில் நேர்நின்று பொருவது தும்பை. வென்ற பின் வாகை. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை, கவர்ந்த நிரையை மீட்பதைக் கரந்தை என்றும் அரணைக் காப்பதை நொச்சி என்றும் தனியே பிரித்தது. யார் சண்டை போடுகிறார் என்பதைவிடப் போர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே முதற் கேள்வி என்று அந்த மரபு சொல்வதாக நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான பிரிவினையை நான் காணவில்லை.

முதல் வாரம் முழுக்க வெட்சி. மரம் அறுக்கும் ஆலை, தாதுக் குழி, தெருவில் கிடக்கும் தங்கம், சிறு கூட்டங்கள் காக்கும் பெட்டிகள். இங்கே விரைவும் சிறு சண்டைகளில் ஆள் இழக்காமையும்தான் பலம். தாக்குதல் 4 உடன் வரும் பார்பேரியனும் கையில் மின்னலோடு வரும் விசார்டும் இரண்டு வழியில் இதையே செய்வார்கள். பீஸ்ட்மாஸ்டரின் தற்காப்பு 4 இந்தக் கட்டத்தில் அவ்வளவு வேகமாகப் பலன் தராது. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் எதிரியின் உளவு ஹீரோ வந்து நம் சுரங்கத்தைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டுப் போவார். அது கரந்தைக்கான வேளை. முதன்மை ஹீரோவைத் திருப்பி அழைத்தால் வஞ்சி நின்றுபோகும் என்பதால் அந்த மீட்பு வேலைக்கு இன்னொரு சிறு ஹீரோ வேண்டும்.

வஞ்சியில் எல்லாம் நடைதான். ஒரு நாளில் ஹீரோ எவ்வளவு தூரம் போவார் என்பது அன்று காலையில் அவரோடு இருக்கும் படையின் மிக மெதுவான உயிரைப் பொறுத்தது. ஒரே ஒரு ஸோம்பிக் குழுவைச் சேர்த்துக்கொண்டதால் வாரம் முழுவதும் தவழ்ந்த படைகளை நிறையக் கண்டிருக்கிறேன். லொஜிஸ்டிக்ஸ் திறன் தரைப்பயணத்தை 10, 20, 30 வீதம் கூட்டும். பெரிய வரைபடத்தில் எந்த வகுப்பு ஹீரோவுக்கும் நான் முதலில் தேடுவது அதைத்தான். தாக்குதல் சண்டை நடக்கும் நாளில் மட்டும் வேலை செய்யும். லொஜிஸ்டிக்ஸ் ஒவ்வொரு நாளும் வேலை செய்யும். ஒரு நாள் முந்திப் போனவர் அந்த வாரத்துப் பெட்டியையும் பண்பு கூட்டும் நூலகத்தையும் தன்னதாக்கிக்கொள்வார்.

உழிஞையும் நொச்சியும் மந்திர வகுப்புக்கு மீண்டும் பலம் சேர்க்கும் கட்டங்கள். மதிலுக்கு வெளியிலிருந்து எய்யும் வில்லாளர் செய்யும் சேதம் பாதியாகும். மதில் எதிரியின் நடைப்படையைத் தடுத்து நிறுத்தும் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே இருப்பவர் ஒரு மந்திரம் வீசலாம். தன் நகரில் இரவு தங்கியவர் என்பதால் மனாவும் நிறைந்திருக்கும். நகர் காக்க ஒரு வோர்லொக்கையோ விசார்டையோ நிறுத்தி, வெளிக்களத்துக்கு வாள்காரரை அனுப்புவது எங்கள் நீண்ட ஆட்டங்களில் நன்றாகவே பலித்தது. தும்பையில் பேச்சுக்கு இடமில்லை. பெரும்படைகள் நேர்நின்றால் தாக்குதலும் தற்காப்பும், படை முழுவதையும் தொடும் ஸ்லோ அல்லது ஹேஸ்ட்டும்தான் தீர்மானிக்கும். யார் முதலில் அடிக்கிறார் என்பது பாதி வெற்றி.

வகுப்பைப் பற்றி இவ்வளவு பேசினாலும், தேர்ந்த ஆட்டக்காரர் பலர் வகுப்பைப் பார்ப்பதேயில்லை, ஆளைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு ஹீரோவுக்கும் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. கிராக் ஹாக் என்ற பார்பேரியன், கைச்சண்டைச் சேதத்தைக் கூட்டும் ஒஃபென்ஸை அட்வான்ஸ்ட் நிலையிலேயே கொண்டுவருகிறார். லெவல் ஏற ஏற அந்தத் திறனின் பலன் லெவலுக்கு 5 வீதமாக வளரும். குன்னார் என்ற ஓவர்லோர்ட், கிர்ரே என்ற ரேஞ்சர், டெஸ்ஸா என்ற பெட்டில் மேஜ் மூவருக்கும் லொஜிஸ்டிக்ஸ் சிறப்பு. இருபதாம் லெவலில் எக்ஸ்பேர்ட் லொஜிஸ்டிக்ஸ் உள்ள குன்னாருக்கு 30 வீதம் 60 ஆகிவிடும். ஒரே வகுப்புக்குள் குன்னாருக்கும் இன்னொரு ஓவர்லோர்டுக்கும் உள்ள தூரம், இரண்டு வகுப்புகளுக்கு இடையிலான தூரத்தைவிட அதிகம். மிகப் பெரிய வரைபடத்தில் எனக்குக் குன்னார் கிடைத்தால் வகுப்பின் பகடைச் சாய்வு பற்றி நான் யோசிப்பதே இல்லை.

வளர்ப்புக்கு வந்தால், ஒரு ஹீரோவுக்கு எட்டுத் திறன்களுக்குத்தான் இடம். ஆட்டத்தில் மொத்தம் 28 திறன்கள். இருபதை நாம் ஒதுக்கியாக வேண்டும். ஹீரோ உருவாவது பெரும்பாலும் இந்த ஒதுக்கலில்தான். ஒவ்வொரு திறனுக்கும் பேசிக், அட்வான்ஸ்ட், எக்ஸ்பேர்ட் என மூன்று படிகள். எட்டும் நிறைய இருபத்துநான்கு படிகள். இரண்டு படிகளோடு தொடங்குபவர் இருபத்துமூன்றாம் லெவலில்தான் அவற்றை முடிக்க முடியும். பெரும்பாலான ஆட்டங்கள் அதற்குள் முடிந்துவிடும். எனவே எட்டாவது இடத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட முதல் நான்கையும் ஒழுங்காக எக்ஸ்பேர்ட் ஆக்குவது மேல்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பொதுவாக முன்வைக்கப்படும் இரண்டில் ஒன்று ஏற்கெனவே உள்ள திறனின் அடுத்த படி, மற்றது புதிய திறன். வேண்டாத புதியது வந்தால் பழையதை உயர்த்தித் தப்பிக்கொள்ளலாம். ஆனால் உள்ளதெல்லாம் எக்ஸ்பேர்ட் ஆகிவிட்டால் இரண்டுமே புதியனவாக வரும். அந்த நேரத்தில் ஈகிள் ஐயும் மிஸ்டிசிஸமும் சேர்ந்து வந்தால் ஒன்றை விழுங்கியே ஆக வேண்டும். ஆகையால் ஏதாவது ஒரு திறனை உயர்த்தாமல் கையில் வைத்திருப்பது தற்காப்பு. விட்ச் ஹட் என்ற குடிசை தற்செயலாக ஒரு திறனைக் கற்பித்துவிடும். முதன்மை ஹீரோவைத் தெரியாத குடிசைக்குள் அனுப்பாமல், முதலில் உளவு ஹீரோவை அனுப்பி என்ன கற்பிக்கிறது என்று அறிந்துகொள்வதே பெரிய ஆட்டங்களில் எங்கள் முறை.

எதை எடுப்பது? வாள்காரருக்கு ஒஃபென்ஸ், ஆர்மரர், லொஜிஸ்டிக்ஸ், விஸ்டம், எர்த் மெஜிக், பிறகு ஏர் மெஜிக். டாக்டிக்ஸ் கிடைத்தால் சண்டைக்கு முன் படையை அடுக்கலாம் என்பதால் நல்லது. வில்லாளர் நிறைந்த நகரென்றால் 50 வீதம் வரை தரும் ஆர்ச்சரியை விடக் கூடாது. லேர்னிங், ஈகிள் ஐ இரண்டையும் எந்த வகுப்புக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எஸ்டேட்ஸ் நாளுக்கு 500 தங்கம் வரை தரும். முதன்மை ஹீரோவின் எட்டு இடத்தில் ஒன்றை அதற்குக் கொடுப்பது வீண், நகரில் நிற்பவருக்குக் கொடுத்தால் பயன்.

நெக்ரோமான்சரையும் டெத் நைட்டையும் மேற்சொன்ன எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது. வென்ற சண்டையில் மடிந்தவர்களிலிருந்து எலும்புக்கூடுகளை எழுப்பும் நெக்ரோமான்சி அவர்களுக்கே உரியது. சண்டை படையைக் குறைக்கும் என்பதே மற்றவர்களுக்கெல்லாம் விதி. இவர்களுக்குச் சண்டை படையைக் கூட்டும். எவ்வளவு நீண்ட ஆட்டமோ அவ்வளவு பெரிய வெள்ளம். போட்டி ஆட்டங்களில் இவர்களுக்கும் கொன்ஃபிளக்ஸ் நகருக்கும் கட்டுப்பாடு வைப்பது பழைய வழக்கம், நானும் அதையே ஆதரிக்கிறேன்.

வகுப்பின் வேறுபாட்டை வரைபடமே இன்னொரு வழியிலும் கரைக்கிறது. கூலிப்படை முகாம் தாக்குதலைக் கூட்டும், மார்லெட்டோ கோபுரம் தற்காப்பைக் கூட்டும், ஸ்டார் அக்ஸிஸ் மந்திர வலுவைக் கூட்டும். அரீனாவில் தாக்குதல் அல்லது தற்காப்பு இரண்டு புள்ளி. பத்தாம் லெவல் ஹீரோ லைப்ரரி ஒஃப் என்லைட்டன்மென்ட் என்ற நூலகத்தை அடைந்தால் நான்கு பண்புகளும் இரண்டிரண்டு கூடும். எட்டு லெவலுக்குச் சமமான பண்பு ஒரே நாளில். இவை நிறைந்த வரைபடத்தில் நடக்கத் தெரிந்த விசார்ட், நடக்காத நைட்டைத் தாக்குதலிலும் முந்துவார். பெட்டி திறந்தால் தங்கமா அனுபவமா என்று கேட்கும்போதும் இதே எண்ணம் வேண்டும். முதல் வாரத்தில் 2,000 தங்கம் நகருக்குப் பெரிது; மாதம் கடந்தபின் முதன்மை ஹீரோவுக்கு 1,500 அனுபவம் பெரிது.

பின்வந்த பாகங்கள் இதே கேள்விக்கு வேறு விடைகளை முயன்றன. 2002 இன் நான்காம் பாகத்தில் ஹீரோ தானே களத்தில் இறங்கினார். அவர் கற்ற திறன்களைப் பார்த்து வகுப்பின் பெயர் பின்னால் சூட்டப்பட்டது. அது அழகான எண்ணம், இன்றும் எனக்குப் பிடித்த எண்ணம். ஆனால் வளர்ந்த ஹீரோ படையே தேவையில்லாத அளவுக்குப் பலசாலியாகிப் போனார், வியூகம் மெலிந்தது. நியூ வேர்ல்ட் கொம்பியூட்டிங்கின் உரிமையாளரான 3DO நிறுவனம் 2003 இல் முறிந்தபோது யூபிசொஃப்ட் 13 லட்சம் டொலருக்கு இந்தப் பெயரை வாங்கியது. 2006 இன் ஐந்தாம் பாகம் இனத்துக்கு ஒரே வகுப்பு என்று சுருக்கி, ஒவ்வொரு வகுப்பின் உச்சத் திறனுக்கும் குறிப்பிட்ட பாதை ஒன்றை வைத்தது. விசார்டுக்கு அது எல்லா மந்திரங்களையும் தரும். போகும் வழியில் ஒரு பிழைத் தெரிவு செய்தாலே அந்தக் கதவு மூடிவிடும். 2011 இன் ஆறாம் பாகம் பகடையை நீக்கி, விரும்பிய திறனை விரும்பியபடி எடுக்கவிட்டது. பகடை போனதும் எல்லோரும் ஒரே பட்டியலை எடுத்தார்கள், ஹீரோக்கள் ஒரே முகமானார்கள். பகடையின் சாய்வு எரிச்சல் தரும் என்பது உண்மை. ஆனால் எதிர்பாராத திறன் ஒன்று வந்து திட்டத்தைத் திருத்த வைப்பதில்தான் வளர்ப்பின் சுவை இருக்கிறது.

நேர ஓட்டத்தில் ஆடும் ‘வோர்கிராஃப்ட் 3’ உம் 2002 இல் வந்தது. அங்கே மூன்று ஹீரோக்கள் வரை, உச்சம் பத்தாம் லெவல், ஆறில் பெருந்திறன். காட்டு உயிர்களைக் கொன்று ஐந்தாம் லெவலுக்கு மேல் ஏற முடியாது. அதன்பின் எதிரியோடுதான் பொருத வேண்டும். வெட்சியிலேயே காலம் கடத்துபவரைத் தும்பைக்குத் தள்ள அவர்கள் கண்ட வழி அது. அதிலிருந்து பிறந்த டோட்டாவில் ஐவர் ஐந்து ஹீரோக்களாக நிற்கிறார்கள். மேசை ஆட்டத்தின் குழுப் பிரிவினை அப்படியே திரும்பி வந்தது. எங்கள் பகுதிப் பெடியள் இன்று அதிகம் ஆடுவது அதைத்தான்.

எந்த ஹீரோவை எடுப்பது என்று என்னிடம் கேட்டால், சிறிய வரைபடத்துக்குக் கிராக் ஹாக் அல்லது சொல்மியர் என்பேன். நடுத்தரத்துக்கு நைட் அல்லது ரேஞ்சர்: தற்காப்பு நன்றாக ஏறும், விஸ்டம் தேடிக்கொள்ள நேரமும் இருக்கும். பெரியதற்குக் குன்னார், கிர்ரே, டெஸ்ஸா மூவரில் எவர் கிடைத்தாலும். முதல் நாளே சத்திரத்தில் 2,500 தங்கம் கொடுத்து இரண்டாவது ஹீரோவையும் எடுத்துவிடுங்கள். அவரோடு வரும் சிறு படையை முதன்மை ஹீரோவுக்கு மாற்றினாலே பாதிப் பணம் திரும்பியது போலத்தான். சத்திரத்தில் ஈகிள் ஐ கற்ற விட்ச் ஒருத்தி மட்டும் இருந்தாலும் தயங்க வேண்டாம். நகரில் வாரந்தோறும் புதிதாகச் சேரும் படையைக் கொண்டுபோய் முன்னால் நிற்பவரிடம் ஒப்படைக்க, வழியில் இன்னும் இரண்டு பேரை நிறுத்திக் கைமாற்றிக்கொண்டே போனால், மூன்று நாள் தூரத்தை ஒரே நாளில் அந்தப் படை கடந்துவிடும். அதற்கு லெவலும் வேண்டாம், வகுப்பும் வேண்டாம்.